நஸீபு என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள்



கடந்த ஷஅபான் மாதத்தின் கடைசிப் பத்தில் ஒரு நாள், மஃரிபுக்குப் பிறகு, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரி மதரஸா வாசலுக்கு வந்தார். கணவர் வஃபாத்தாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பெண் மக்கள் இருவரும் எம்மிடம்தான் ஓதுகிறார்கள். வீட்டின் முன்னறையில் ஒரு தையல் இயந்திரம் போட்டுப் பர்தாவும் தொழுகை உடையும் தைத்து விற்கிறார். கடை என்று சொல்ல ஒரு பலகைகூடக் கிடையாது. கைப்பேசிதான் அவருக்குக் கடை. சமூக ஊடகத்தில் படம் போடுவார், வாட்ஸ்அப்பில் அளவு கேட்பார், யூபிஐயில் பணம் வரும், மறுநாள் காலையில் பொட்டலம் தபாலில் போகும். ரமளானுக்கு முந்திய மூன்று வாரங்களில் வருகிற வருமானத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அன்று அவர் வந்தது ஒரு மஸ்அலா கேட்பதற்காக.

சில நாட்களுக்கு முன் அவருடைய பக்கத்துக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. நிறுவனத்தின் முத்திரை, நீல நிற அடையாளம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவர் போட்டிருந்த படம் ஒன்று வேறொருவரின் உரிமையை மீறியுள்ளதாகவும், 24 மணி நேரத்தில் பக்கம் நீக்கப்படும் என்றும், ஆட்சேபம் இருந்தால் கீழுள்ள இணைப்பில் தெரிவிக்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. ரமளான் வாசலில் நிற்கும்போது பக்கம் போய்விட்டால் என்னவாகும்? பதறிப்போய் இணைப்பை அழுத்தினார். நாள்தோறும் பார்க்கிற பக்கத்தைப் போலவே ஒன்று திறந்தது. பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டார். சற்று நேரத்தில் கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணையும் இட்டார். ஐந்தே நிமிடங்களில் பக்கம் அவர் கையை விட்டுப் போயிற்று. அன்றிரவே, அவர் தைத்த பர்தாக்களின் படங்களுக்கு மேலேயே, “ரமளான் சலுகை, பாதி விலை, முன்பணம் இந்த எண்ணுக்கு” என்று ஓர் அறிவிப்பு வந்தது. எண் திருடனுடையது. தக்கலையிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும், அவரை நம்பியவர்கள் பணம் அனுப்பினார்கள்.

“உஸ்தாத், அந்தப் பணத்தில் ஒரு காசுகூட என் கைக்கு வரவில்லை. ஆனால் என் பெயரை நம்பித்தான் அனுப்பினார்கள். நான் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?” என்று கேட்டார்.

நான் சொன்ன பதில் இது: “பொறுமையாக இருங்கள் தங்கச்சி. எல்லாம் நஸீபு.”

அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். பல ஆண்டுகளாக ஓதிக்கொடுக்கிற ஒருவன், மார்க்கச் சட்டம் கேட்டு வந்தவரை ஒற்றை வார்த்தையில் வாசலோடு அனுப்பிவிட்டேன். ஆறுதல் சொன்னதாக அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில் செய்தது தட்டிக்கழித்தல். அன்று அவர் கேட்டதற்கு உரிய பதிலை இக்கட்டுரையின் இறுதியில் எழுதுகிறேன். அதற்கு முன் நம் சமுதாயத்தோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

பிறகு விசாரித்தபோது தெரிய வந்த ஒரு செய்தி என்னை உறங்க விடவில்லை. பக்கம் பறிபோனது அவருக்கு முதல் நாள் மாலையிலேயே தெரியும். ஆயினும் இரண்டு நாட்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. “பொம்பளைக்கு எதற்கு இந்த வியாபாரம் என்பார்கள், பேராசைப்பட்டாள் என்பார்கள், பிள்ளைகளுக்குத் தலைகுனிவு” என்று அஞ்சியிருக்கிறார். பணம் அனுப்பியவர்கள் மொத்தம் 19 பேர். அவர்களில் 12 பேர் அனுப்பியது அந்த இரண்டு நாட்களில். முதல் மாலையே நம் மஹல்லாக் குழுக்களில் ஓர் அறிவிப்புப் போயிருந்தால் அந்த 12 குடும்பங்களின் பணம் தப்பியிருக்கும். கடவுச்சொல்லைத் திருடியவன் எங்கோ இருக்கிறான். அவருடைய வாயை இரண்டு நாள் கட்டிப்போட்டவர்கள் இங்கே, நமக்குள் இருக்கிறோம். திருடனுக்கு அந்த இரண்டு நாட்களை நன்கொடையாக வழங்கியவர்கள் நாம்.

ஊரில் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். தேநீர்க் கடையில் ஒருவர், “ஆசைப்பட்டால் இப்படித்தான்” என்றார். இவர்கள் விஷயத்தைப் புரிந்துகொள்ளவே இல்லை. இந்த வகை மோசடிக்கு ‘ஃபிஷிங்’ என்று பெயர், தூண்டில் போடுவது என்று பொருள். குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ தூண்டில் போடுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். மீன் தினமும் எதைத் தின்கிறதோ அதைத்தான் முள்ளில் கோப்பார்கள். நமக்கு நாள்தோறும் வருகிற செய்தி எதுவோ அதே உருவத்தில்தான் இவர்களின் தூண்டிலும் வருகிறது. இந்திய அஞ்சல் துறையின் பெயரால் பரவிய குறுஞ்செய்தி நினைவிருக்கிறதா? உங்கள் பொட்டலம் கிடங்கிற்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லை, 48 மணி நேரத்தில் இந்த இணைப்பில் திருத்துங்கள், இல்லையேல் திரும்பிப் போய்விடும் என்று வந்தது. அஞ்சல் துறை அப்படிச் செய்தி அனுப்புவதில்லை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2024-இல் எச்சரித்தது. பொட்டலத்துக்குக் காத்திருந்த ஒருவர் அந்த இணைப்பை அழுத்தினால் அவரிடம் என்ன பேராசை இருந்தது? தாம் காசு கொடுத்து வாங்கிய பொருள் தமக்கு வந்து சேர வேண்டும் என்ற எண்ணத்துக்குப் பேராசை என்று பெயரா?

எழுத்தறிவில்லாதவர்கள்தாம் ஏமாறுகிறார்கள் என்பதும் பொய். இணைய மோசடிகளில் நம் நாட்டு மக்கள் இழந்த தொகை 2023-இல் சுமார் 7,465 கோடி ரூபாய் என்றும், 2024-இல் சுமார் 22,845 கோடி ரூபாய் என்றும் உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு! இது எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமிருந்து மட்டும் எடுக்கக்கூடிய தொகை அல்ல.

இனி நஸீபுக்கு வருகிறேன், ஏனெனில் அது நான் சொன்ன வார்த்தை. கத்ரை நம்புவது ஈமானின் பகுதி, அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அதை எங்கே வைக்க வேண்டும் என்பதை உமர் (ரலி) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டுச் சென்ற அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்க் என்னுமிடத்தில் கேள்விப்பட்டு, தோழர்களோடு ஆலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதியை நோக்கியே செல்வதாக விடையளித்தார்கள். பசுமையான கரை ஒன்றும் வறண்ட கரை ஒன்றும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது விதிப்படிதானே என்றும் எடுத்துக்காட்டினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற இந்த நிகழ்ச்சியைப் பயான்களில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! பிறகு வீட்டுக்கு வந்து, பணத்தை இழந்து நிற்கும் பெண்ணிடம் வறண்ட கரையைக் காட்டி, இதுதான் உன் விதி என்கிறோம்.

நடந்து முடிந்த இழப்புக்குப் பிறகு உள்ளத்தை அமைதிப்படுத்தக் கத்ர் உண்டு. இழப்பு இன்னும் முடியாத நேரத்தில் அதைச் சொல்வது வேறு. இணைய மோசடியில் முதல் சில மணி நேரம் இழப்பு முடிந்திருப்பதே இல்லை. இதைச் சற்று விளக்க வேண்டும். உங்கள் கணக்கிலிருந்து போன பணம் நேரே திருடனின் சட்டைப்பைக்குப் போவதில்லை. முதலில் ஒரு வங்கிக் கணக்குக்குப் போகிறது, அங்கிருந்து இரண்டு மூன்று கணக்குகளுக்குப் பிரிகிறது, பிறகு எங்கோ ஏடிஎம்மில் எடுக்கப்படுகிறது. 1930 என்ற எண்ணை அழைத்தாலோ, தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பதிந்தாலோ, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே தகவல் செல்லும். அந்தக் கணக்கில் இன்னும் எடுக்கப்படாமல் கிடக்கும் தொகை முடக்கப்படும். இந்த ஏற்பாடு 2021 முதல் இருக்கிறது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் நாம் முந்த வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஆகவே முதல் மணி நேரத்தில் ‘ஸப்ரு செய்’ என்று ஒருவரை உட்கார வைப்பவர், தாம் அறியாமலேயே திருடனுக்கு வழிவிட்டு நிற்கிறார். 1930-ஐ அழைத்து, வங்கிக்கும் அறிவித்து, பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு ஸப்ரு செய்யட்டும்.

வங்கிக்கு அறிவிப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நேர்ந்த குறையால், அவர் அனுமதியின்றிப் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் அவர் தெரிவித்துவிட்டால், இழப்பு அவரைச் சேராது. ரகசிய எண்ணைத் தாமே கொடுத்துவிட்டிருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. இரண்டு நிலையிலும் வாய் திறப்பவருக்கே பாதுகாப்பு இருக்கிறது. வெட்கப்பட்டு ஒளிபவருக்குச் சட்டமும் உதவுவதில்லை.

இனிக் கடைக்காரர்களிடம் பேசுகிறேன். மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழ் கடை வைத்திருப்பவராயினும் சரி, வீட்டிலிருந்து கைப்பேசியில் விற்பவராயினும் சரி, கோபப்படாமல் படியுங்கள். உங்கள் வாடிக்கையாளர் திருடனிடம் எளிதாகச் சிக்குகிறார் என்றால், அவரை அதற்குப் பழக்கியவர்களில் நீங்களும் ஒருவர். இந்த மாதம் ஒரு எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்கிறீர்கள், அடுத்த மாதம் மச்சான் எண், அதற்கடுத்த மாதம் வேலைக்கார தம்பியின் எண். பெயர் ஏன் மாறி வருகிறது என்று வாடிக்கையாளர் கேட்டால், “அனுப்புங்க, ஒண்ணும் ஆகாது” என்கிறீர்கள். நாளை ஒரு திருடன் உங்கள் பெயரில் நான்காவது எண்ணை அனுப்பினால் அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பெயர் பொருந்தவில்லையென்றால் பணம் அனுப்பக் கூடாது என்ற பாடத்தை அவர் மறக்கும்படி செய்தது யார்? முகவரி இல்லாத பக்கம், முழுப் பணமும் முன்கூட்டியே, புகார் எழுதினால் அழித்துவிடுவது, ஓய்வு நேரத்தில் தம்பிமார்களை வைத்துப் ‘பொருள் அருமை’ என்று பத்துப் பாராட்டுகள் எழுதிக்கொள்வது! விலையை ஏற்றிவிடுவதற்காக வாங்கும் எண்ணமில்லாதவன் ஏலத்தில் குரல் கொடுப்பதை ‘நஜ்ஷ்’ என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்காதவன் எழுதும் பாராட்டு அதன் இக்கால வடிவமே என்பது என் கருத்து. நேர்மையான கடையும் மோசடிக் கடையும் ஒரே தோற்றத்தில் இருந்தால், அதில் இலாபம் மோசடிக்காரனுக்குத்தான்.

மதீனாக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நம் கைப்பேசிக் கடைகளுக்குப் பொருத்திப் பாருங்கள். மேலே வைக்க வேண்டியவை எவை? கடையின் உண்மையான பெயர், முகவரி, பணம் பெறும் ஒரே எண், அந்த எண்ணில் தோன்றும் பெயர். “இதைத் தவிர வேறு எண்ணுக்கு நாங்கள் பணம் கேட்க மாட்டோம், ஓடிபி ஒருபோதும் கேட்க மாட்டோம், எண் மாறினால் எங்களை நேரில் அழைத்துக் கேளுங்கள்” என்று ஒவ்வொரு ரசீதிலும் ஒரு வரி. செலவு ஒன்றும் இல்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் விற்பவர் தம் விவரங்களை வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது என்றே சொல்கின்றன. சட்டத்துக்கு அஞ்சியாவது செய்யுங்கள் என்று சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தமே.

நம் ஊர்ப் பெயருக்கே இப்போது விலை இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். மார்த்தாண்டம் தேனுக்கும் கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பெயர் புகழ்பெற்றால் அந்தப் பெயரில் போலிப் பக்கம் திறப்பவனும் வருவான். வெளியூர்க்காரர் ஒருவர் ‘மார்த்தாண்டம் தேன்’ என்று தேடிப் பணம் அனுப்பி ஏமாந்தால், அவர் மனத்தில் கெட்டுப் போவது திருடனின் பெயர் அல்ல, நம் ஊரின் பெயர்.

கடைக்காரரே ஏமாறும் வகைகளும் உண்டு. நாடு முழுவதும் பல ஆண்டுகளாக நடக்கும் ஒன்று, இராணுவ வீரர் என்று சொல்லிக்கொண்டு வரும் அழைப்பு. முகாமுக்கு ஐம்பது கிலோ பேரீச்சம்பழம் வேண்டும், ஐம்பது சோடி சீருடை வேண்டும் என்பார். அடையாள அட்டையின் படம் அனுப்புவார். பணம் அனுப்புவதற்கு இராணுவத்தில் தனி முறை உண்டு, இந்த க்யூஆர் குறியீட்டை வருடிப் ‘பின்’ எண்ணை இட்டால் பணம் உங்களுக்கு வந்துவிடும் என்பார். யூபிஐயில் பணம் பெறுவதற்குப் ‘பின்’ எண் தேவையே இல்லை. அது பணம் கொடுப்பதற்கும் இருப்புப் பார்ப்பதற்கும் உரிய சாவி. எண்ணை இடச் சொன்ன அந்த நொடியே வந்தவர் யார் என்பது விளங்கிவிட வேண்டும். பிள்ளைகளுக்குக் கலிமா சொல்லிக்கொடுக்கிற வயதிலேயே இதையும் சொல்லிக்கொடுத்தால் நல்லது என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொன்னார். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் இரவோடு இரவாகப் பல கடைகளின் க்யூஆர் ஒட்டுகளின் மேல் வேறு ஒட்டுகளை ஒட்டிவிட்டார்கள். காலையில் வாடிக்கையாளர் செலுத்திய பணம் வேறு கணக்குக்குப் போயிற்று. காலையில் கடை திறந்து பிஸ்மி சொல்லும்போது அந்த ஒட்டை ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள், உங்கள் கணக்கிலிருந்தே ஒரு ரூபாய் அனுப்பி யார் பெயர் வருகிறதென்று பாருங்கள். வாடிக்கையாளர் காட்டும் திரைப்படப் பிடிப்பை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள், உங்கள் கணக்கில் பணம் ஏறியதா என்பதைப் பாருங்கள். சமூக ஊடகப் பக்கத்துக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. திருமண அழைப்பிதழ் என்றோ, போக்குவரத்து அபராதம் என்றோ வாட்ஸ்அப்பில் ‘ஏபிகே’ கோப்பு வந்தால் தொடாதீர்கள், அழைப்பிதழைத் திறக்கச் செயலி எதற்கு?

வணிகச் சட்டம் அறியாதவர் நம் சந்தையில் விற்க வேண்டாம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் சொன்னதாகத் திர்மிதியில் ஓர் அறிவிப்பு உண்டு. வட்டி எது, ஏமாற்று எது என்று தெரியாதவன் பிறரையும் கெடுப்பான் என்பதே அதன் காரணம் என ஆலிம்கள் விளக்குவார்கள். இன்றைய சந்தைக்குரிய அறிவில் மேலே சொன்னவையும் சேரும்.

அடுத்து எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆயினும் எழுதியே ஆக வேண்டும். திருடிய பணம் முதலில் ஒரு வங்கிக் கணக்குக்குப் போகிறது என்றேனே, அந்தக் கணக்கு யாருடையது? பெரும்பாலும் திருடனுடையதாக இருக்காது. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்குப் புத்தகத்தையும் ஏடிஎம் அட்டையையும் சிம் கார்டையும் வாடகைக்குக் கொடுத்த ஒரு மாணவனுடையதாகவோ வேலையற்ற இளைஞனுடையதாகவோ இருக்கும். “ஒன்றும் செய்ய வேண்டாம், கணக்கு மட்டும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்” என்ற பேச்சு நம் பகுதி இளைஞர்களிடமும் வருகிறது. “நான் யாரையும் ஏமாற்றவில்லையே உஸ்தாத், சும்மா கிடந்த கணக்குதானே” என்று ஒரு தம்பி என்னிடமே வாதாடினான். தம்பி, திருட்டுப் பொருளை மறைக்க வீட்டின் அறையை வாடகைக்கு விட்டவன் திருடனின் கூட்டாளியா இல்லையா? பாவத்திலும் அத்துமீறலிலும் ஒருவருக்கொருவர் துணைபோவதை அல்மாயிதா சூராவின் 2-ஆம் வசனம் தடுக்கிறது. அந்தக் கமிஷன் ஹராம். அதில் வாங்கிய பெருநாள் சட்டையோடு முதல் ஸஃப்பில் வந்து நின்றாலும் ஹராம்தான். உலகச் சட்டத்தின் பார்வையிலும் உன் பெயரில் உள்ள கணக்குக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு ஆள்மாறாட்ட மோசடிக்கு மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின் கீழ் அது ஏழு ஆண்டு வரை நீளும். காவல்துறை வந்து கதவைத் தட்டும்போது கமிஷன் கொடுத்தவன் இருக்க மாட்டான். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்து வளைகுடா போகலாம் என்றிருப்பவனுக்கு அந்த வழக்கு என்ன செய்யும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வளைகுடா என்றதும் இன்னொன்று. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் அடைபட்டுக் கிடந்த தமிழ் இளைஞர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள். தொலைபேசியில் நம்மை ஏமாற்றுகிறவனும் சில வேளை ஏமாற்றப்பட்டு அங்கே போனவனாக இருக்கலாம். வெளிநாட்டு வேலைக்கு மகனை அனுப்பும் வாப்பாமார்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

“இந்தச் சிக்கலெல்லாம் எதற்கு? கைப்பேசி வியாபாரமே ஃபித்னா, பெண்கள் அதை விட்டுவிட வேண்டும்” என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்தச் சகோதரி தையலை நிறுத்திவிட்டால் மக்கள் இருவருக்கும் கட்டணம் கட்டுவது யார்? அந்தப் பெரியவரா, நானா? அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தாம் ஊரில் இருந்துகொண்டே நம்பிக்கைக்குரியவர்களிடம் சரக்கை ஒப்படைத்து ஷாமுக்கு அனுப்பி வாணிபம் செய்தார்கள். நேரில் பாராத வணிகம் நமக்குப் புதிதல்ல. அதில் ஆளைத் தேர்ந்தறிந்து நம்பினார்கள் என்பதுதான் பாடம். ஒரு விதவைக்கு வீட்டை விட்டு வெளியே போகாமல் ஹலாலான ரிஸ்க் தேட ஒரு வழி கிடைத்திருக்கிறது. அதைக் காக்க ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாமல், அடைத்துவிடு என்று சொல்வது எந்த வகை அக்கறை?

கடைவீதியைக் கண்காணிப்பதற்கென்றே இஸ்லாமிய ஆட்சிகளில் ‘ஹிஸ்பா’ என்று ஒரு துறை இருந்தது. உமர் (ரலி) அவர்கள் கடைவீதிப் பொறுப்புச் சிலவற்றை ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணியிடம் ஒப்படைத்ததாகச் சில வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. இன்று நம் ஜமாஅத் நிர்வாகங்களிடம் ஆட்சி அதிகாரம் கிடையாது, அபராதம் விதிக்க முடியாது. ஆனால் ஒலிபெருக்கி இருக்கிறது, அறிவிப்புப் பலகை இருக்கிறது, வாட்ஸ்அப் குழு இருக்கிறது, ஜும்ஆவுக்கு வந்து உட்காரும் நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். காணாமற்போன ஆட்டுக்கு அறிவிப்புச் செய்கிறோம். மஹல்லாப் பெண் ஒருவரின் பக்கம் பறிபோனதை அறிவிக்க ஏன் தயங்குகிறோம்? ஒவ்வொரு மஹல்லாவிலும் கைப்பேசி தெரிந்த இரண்டு இளைஞர்களும் ஒரு பெண்ணும் முன்வந்தால் போதும். ஏமாந்தவர் யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். சொன்னவரிடம் “ஏன் அழுத்தினாய்” என்று கேட்கக் கூடாது. 1930-ஐ அழைக்கவும், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட இணையக் குற்றக் காவல் நிலையத்துக்கு உடன் செல்லவும் ஆள் வேண்டும். சந்தேகத்துக்குரிய செய்தி வந்தாலே போதும், பணம் போகாவிட்டாலும் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உள்ள ‘சக்ஷு’ பகுதியில் தெரிவிக்கலாம். அதையும் யாராவது உம்மாமார்களுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

ஒருவன் கொண்டுவரும் செய்தியை விசாரித்துத் தெளியாமல் செயல்பட்டு, பிறகு வருந்தி நிற்க வேண்டாம் என்ற பொருளில் அல்ஹுஜுராத் சூராவின் 6-ஆம் வசனம் நமக்கு ஏவுகிறது. இதைக் கைப்பேசிச் செய்திகளோடு சேர்த்து ஒரு குத்பாவில் விளக்க இருபது நிமிடம் போதும். நான் அறிய எங்கள் பகுதியில் இதுவரை அப்படி ஒரு குத்பா நடைபெறவில்லை. இதில் முதல் குற்றவாளி நான்.

இனி அந்த மஸ்அலா. நான் முஃப்தி அல்ல. ஆகையால் என்னிலும் கற்ற இரு ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்த பிறகே இதை எழுதுகிறேன். ஒருவரின் கவனக்குறைவோ அத்துமீறலோ இல்லாமல் மூன்றாம் ஆள் செய்த திருட்டுக்கு அவர் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். பக்கம் பறிபோனதை அறிவதற்கு முன் அனுப்பப்பட்ட ஏழு பேரின் பணத்துக்கு அந்தச் சகோதரி பொறுப்பாளி ஆகமாட்டார். அறிந்த பின், சொல்ல முடிந்தும் சொல்லாமல் இருந்த இரண்டு நாட்களில் அனுப்பியவர்களின் நிலை வேறு. அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதே பேணுதல் என்றார்கள் இருவரும். இதைச் சொல்வதற்காக நானே அவர் வீட்டுக்குச் சென்றேன், முன்பு சொன்ன பதிலுக்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் எழுந்து போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். அதில் அந்த 12 பேரின் பெயரும் தொகையும் ஏற்கெனவே எழுதியிருந்தன. ஃபத்வாவுக்குக் காத்திராமல் கொடுக்கத் தொடங்கிவிட்டிருந்தார். ஐந்து பெயர்களுக்கு நேரே ‘கொடுத்தாயிற்று’ என்றிருந்தது.

ஏழு பெயர்கள் மீதி. கடன்பட்டவர்கள் ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் ஒருவர் என்று அத்தவ்பா சூராவின் 60-ஆம் வசனம் சொல்கிறது. இந்த ஏழு பேரின் தொகையை மஹல்லா பைத்துல்மாலிலிருந்து தீர்க்க வேண்டும் என்று ஜமாஅத் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். “மோசடியில் போனதற்கெல்லாம் ஸகாத்தா?” என்று ஒரு நிர்வாகி கேட்டதாகக் கேள்வி. வருகிற கூட்டத்தில் அவர் அதை என் முன்னால் கேட்கட்டும்.